காம்போடு போட்ட தாழி

ரிக்கோத்திச் சுரங்கத்துக்குள் வண்டி நுழையும்போது வெயில் கண்ணைக் குத்தும். மறுபக்கம் வெளியே வந்தால் கண்ணாடியில் துடைப்பானை ஓடவிட வேண்டும். நடுவே இருப்பது இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவான இருட்டு. அந்த இருட்டை ஜும்பெர் ஒன்பது வருஷமாக வாரா வாரம் கடந்துகொண்டிருக்கிறார். ஒயின் குடிப்பதற்கென்றே வருகிற வெளிநாட்டுக்காரர்களை முதல் நாள் கிழக்கே கக்கேத்தியில் சுற்ற வைத்து, மறுநாள் மலையைத் தாண்டி மேற்கே இமெரெத்திக்குக் கொண்டுபோக வேண்டும். அவர்கள் வீடு வீடாக உட்கார்ந்து குடிப்பார்கள். ஜும்பெர் வாசலில் வண்டிக்குள் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறிப்பார். ஓட்டுகிறவன் குடிக்க முடியாது.

வயது ஐம்பத்தெட்டு. முட்டி இரண்டும் போய்விட்டன. சுரங்கம் தாண்டியதும் ஈரக்காற்று முதலில் அவர் முட்டிக்குத்தான் தெரியும், அப்புறம்தான் கண்ணாடிக்கு.

பிறந்தது கக்கேத்தி, வாழ்வது இமெரெத்தி. தொண்ணூறுகளில், ரொட்டிக்கு வரிசை நின்ற காலத்தில், லாரியில் கோதுமை ஏற்றிக்கொண்டு மேற்கே வந்தார். தெர்ஜோலா பக்கம் லாரியின் அச்சு முறிந்தது. மாற்று அச்சு வர ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் வாலிக்கோ என்பவர் வீட்டில் சாப்பாடு, படுக்கை. பத்தாம் நாள் லாரி கிளம்பிப் போனது. மூன்று மாசம் கழித்து லாரி இல்லாமல் ஆள் மட்டும் திரும்பி வந்தது. வாலிக்கோவின் மகள் லமாராவைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டிலேயே தங்கிவிட்டார். வீட்டோடு மாப்பிள்ளை. அவருடைய அண்ணன் பல வருஷம் வரைக்கும் இதை வெளியே சொல்லவில்லை. தம்பி வேலையாகப் போயிருக்கிறான் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

இமெரெத்தியில் யாரும் எதையும் நேராகச் சொல்ல மாட்டார்கள். சர்க்கரை தடவித்தான் சொல்வார்கள். ஜும்பெருக்கு அது வராது. மனசில் வந்தது வாயில் வந்துவிடும். அதனால் இருபத்தேழு வருஷமாகியும் ஊரில் அவர் பேர் 'கக்கேத்தி மாப்பிள்ளை'தான்.

மாமனார் வாலிக்கோ நல்ல மனுஷர். ஆனால் தாழியின் வாய்ப்பக்கம் மருமகனை அண்டவிடவில்லை. வீட்டுக்குப் பின்னால் திறந்த வெளியில் ஒயின் ஊறுகிற மூன்று மண் தாழிகள் கழுத்துவரை புதைந்து கிடக்கும். ஒவ்வொரு அக்டோபர் கடைசியிலும், திராட்சையை மிதித்துச் சாறு இறங்கும்போது, ஜும்பெர் ஏதோ சொல்ல வாயைத் திறப்பார்.

"நீ கூடையத் தூக்கு மாப்ளே," என்பார் வாலிக்கோ.

சாறோடு நாலு கை தோலை மட்டும் போடுவார் மாமனார். காம்பு ஒன்றுகூட உள்ளே விழாது. வைக்கோல் நிறத்தில், மெலிசாக, புளிப்பாக ஒரு ஒயின் வரும். ஜும்பெருக்கு அதை ஒயின் என்று சொல்லவே நாக்கு வராது. அவர் ஊரில் தோல், விதை, காம்பு எல்லாவற்றையும் சாறோடு தாழிக்குள் தள்ளி ஆறு மாசம் மூடிவைப்பார்கள். தேன் நிறத்தில், ஈறைப் பிடித்துக்கொண்டு, ஆளை நிமிர்ந்து உட்காரவைக்கிற ஒயின் அது. "உங்களுது காய்ச்சக்காரனுக்குக் குடுக்கிற தண்ணி," என்று ஊரில் ஒரு விருந்து விடாமல் சொல்லி வைத்திருந்தார்.

போன மே மாசம் வாலிக்கோ கண்ணை மூடினார். அக்டோபரில் கூடையைத் தூக்கச் சொல்ல ஆள் இல்லை. அந்த வருஷம் மழையில் பாதிக் கொத்து அழுகிப்போய், பெரிய தாழி ஒன்றுக்குத்தான் சாறு தேறியது.

"அப்பா செஞ்ச மாதிரியே செய். வருஷத் திதிக்கு இந்த ஒரு தாழிதான்," என்றாள் லமாரா.

திதிக்கு நூற்றிருபது பேர் வருவார்கள். செத்தவருடைய கொடியில் காய்த்து, செத்தவருடைய தாழியில் ஊறின ஒயினைத்தான் பரிமாற வேண்டும். கடையில் வாங்கி வைத்தால் அந்த வீட்டில் ஆள் இல்லை என்று அர்த்தம். குத்தாயிசியில் இருக்கிற லமாராவின் தம்பி முர்மான் போனில் பக்குவமாகவே சொன்னான். "அத்தான், திதி வரைக்கும் நீங்க பாருங்க. நீங்க பாக்காம யாரு பாப்பா? அதுக்கப்புறம் தோட்டத்தையும் தாழியையும் யாரு கையில விடறதுன்னு பேசிக்கலாம்."

அந்தப் பேச்சு உறுத்திக்கொண்டே இருந்தது. வருகிற நூற்றிருபது பேரும் ஒரு வாய் குடித்துவிட்டு, இத்தனை வருஷம் எதைக் குடித்துக்கொண்டிருந்தோம் என்று திகைக்க வேண்டும் என்று நினைத்தார். லமாரா சமையலுக்கு உள்ளே போன நேரத்தில் தோலும் விதையும் காம்பும் ஒன்று விடாமல் தாழிக்குள் தள்ளினார். நாலு வாரம் அவளைக் கிட்டே விடாமல் தானே கிளறிவிட்டு, மூடியைப் போட்டு, களிமண் பூசி, மேலே மண்ணையும் குவித்தார்.

பக்கத்து வீட்டு ஷூக்ரி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தான். வழக்கமாகச் சக்கை குவிகிற இடம் காலியாகக் கிடந்தது.

"காம்பெல்லாம் எங்க மாப்ளே?"

"ஆட்டுக்குப் போட்டேன்."

ஷூக்ரி தலையாட்டிக்கொண்டு போனான். ஜும்பெர் வீட்டில் ஆடு கிடையாது.

அந்தத் தலையாட்டலுக்குப் பிறகு ஜும்பெருக்குத் தூக்கம் சரியாக இல்லை. ஆறு மாசம், வாரத்துக்கு ஒரு பயணம், ஒவ்வொரு பயணத்திலும் வழிகாட்டி ஹாதுனா மைக்கில் சொல்வது காதில் விழும். கருங்கடலிலிருந்து வருகிற மேகத்தை நடுவில் இருக்கிற மலை தடுத்துவிடுகிறது. அதனால் கிழக்கே வறட்சி, மேற்கே ஈரம். கிழக்கே வெயிலில் காம்பு பழுத்துக் காய்ந்து பழுப்பாகிவிடும், அது தாழிக்குள் போகலாம். மேற்கே காம்பு கடைசிவரை பச்சையாகவே நிற்கும். ஒன்பது வருஷமாக இதே பேச்சு. எந்த மொழியில் சொன்னாலும் அவள் குரல் எந்த இடத்தில் ஏறும், எங்கே இறங்கும் என்பது ஜும்பெருக்கு அத்துப்படி. வெளிநாட்டுக்காரனை மயக்கச் சொல்கிற கதை என்றே அதுநாள்வரை வைத்திருந்தார். இப்போது ஒவ்வொரு சொல்லும் தன் தாழியைப் பற்றித்தான் என்று பட்டது.

ஏப்ரல் கடைசியில் போலந்துக்காரர்கள் ஆறு பேர் வந்தார்கள். முதல் நாள் கக்கேத்தியில் காய்ந்த காற்று. அடுப்புச் சுவரில் ஒட்டிச் சுட்ட ரொட்டி, திராட்சைக் குச்சியை எரித்து வாட்டிய கறி, நாலு வீடு, நாலு தாழி. விதோல்த் என்கிற தாடிக்காரர் ஒவ்வொரு குவளையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டார். ஜும்பெர் பிறந்த ஊர் வழியாகத்தான் வண்டி போனது. நிறுத்தவில்லை. அண்ணன் பார்த்தால் உட்காரச் சொல்வார். உட்கார்ந்தால் தாழியைப் பற்றிக் கேட்பார்.

மறுநாள் நெடுஞ்சாலை ஓரம், சுரங்கத்துக்கு முன்னால், இனிப்பு ரொட்டி விற்கிற கடைகளில் நிறுத்தியிருந்தபோது ஹாதுனா போனை மூடிக்கொண்டு வந்தாள். முப்பது வயசு, எதற்கும் பதறாதவள்.

"ஜும்பெர் மாமா, இன்னிக்குப் போற வீட்டுல சாவு. பெரியப்பா தவறிட்டாராம். வேற வீடு இல்ல."

"அடுத்த ஊர்ல கேளு."

"கேட்டாச்சு. உங்க வீடு வழியிலதான இருக்கு? தாழியும் இருக்கு. திறக்கிற நேரந்தான?"

"அது திதிக்கு வச்சது."

"நாலு குவளை மாமா. லமாரா அத்தைகிட்டப் பேசிட்டேன். சோள அடை போட்டு வைக்கிறேன், கூட்டிட்டு வரச் சொல்லுன்னாங்க."

ஜும்பெர் விதையைத் துப்பினார். விருந்தாளியை வேண்டாம் என்று சொல்கிற வாய் அந்த நாட்டில் யாருக்கும் கிடையாது. அவருக்கும் கிடையாது.

சுரங்கம் தாண்டினார்கள். மழை. பாசி பிடித்த பாறை, பாசி பிடித்த கூரை, மரத்தின்மேல் ஏறித் தொங்குகிற கொடி. வேலிக்குள்ளே எல்லாம் பச்சை. பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் சன்னலோரம் ஒட்டிக்கொண்டு அதிசயப்பட்டார்கள். ஜும்பெர் சாலையைப் பார்த்து ஓட்டினார். எவ்வளவு மெல்லப் போனாலும் வீடு வந்துவிட்டது.

லமாரா நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு மேஜையை நிரப்பி வைத்திருந்தாள். பாலாடைக்கட்டி, அரைத்த கீரையும் வால்நட்டும், சூடான சோள அடை. மழை கொஞ்சம் விட்டது. ஆறு பேரும் தாழியைச் சுற்றி நின்றார்கள். ஜும்பெர் மண்வெட்டியால் மண்ணை ஒதுக்கி, களிமண்ணைச் சுரண்டி, மூடியைப் புரட்டினார். நீளக் கம்பு கட்டிய சுரைக்குடுக்கையை உள்ளே விட்டு மொண்டு, கண்ணாடிக் கூஜாவில் ஊற்றினார்.

வைக்கோல் நிறம் இல்லை. கொதித்துக் கொதித்து நின்ற தேத்தண்ணீர் நிறம்.

லமாரா கூஜாவைப் பார்த்தாள். அப்புறம் புருஷனைப் பார்த்தாள்.

"நீங்களே ஊத்துங்க," என்றாள்.

வீட்டில் அவள் அவரை 'நீ' என்றுதான் கூப்பிடுவாள். 'நீங்க' என்று சொன்னது இந்த இருபத்தேழு வருஷத்தில் மொத்தம் மூன்று தடவை.

போலந்துக்காரர்கள் குடித்தார்கள். இரண்டு பேர் குவளையைக் கீழே வைத்துவிட்டுச் சோள அடையை எடுத்துக்கொண்டார்கள். விதோல்த் மட்டும் வாய்க்குள் சுழற்றி, கண்ணை மூடி, முழுங்கிவிட்டு என்னவோ சொன்னார்.

"என்னங்கிறாரு?" என்றார் ஜும்பெர்.

ஹாதுனா தயங்கினாள். "வாய்க்குள்ள கதவைச் சாத்தின மாதிரி இருக்காம். ஆனா மரியாதையாத்தான் சொல்றாரு."

லமாராவும் ஒரு வாய் குடித்தாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "எங்க வீட்டுக்காரர் கைப்பக்குவம். அவருக்கு இந்த வீட்டு மேல அவ்ளோ பிரியம்," என்று தேனாகச் சொன்னாள். ஹாதுனா அதையும் மொழிபெயர்த்தாள். எல்லாரும் கைதட்டினார்கள். ஜும்பெரும் குடித்துப் பார்க்க வேண்டியிருந்தது. வண்டி ஓட்டுகிறவர் என்பதால் நாக்கில் வைத்துத் துப்பினார். பச்சைக் குச்சியை மென்ற மாதிரி இருந்தது. அண்ணன் வீட்டுத் தாழியின் வாசம் கொஞ்சம்கூட அதில் இல்லை. அங்கே சின்ன வயசில் எந்தக் கையால் போட்டாரோ அதே கையால்தான் இங்கேயும் போட்டார்.

கும்பலைக் குத்தாயிசி விடுதியில் இறக்கிவிட்டுப் பொழுது சாயுமுன் திரும்பி வந்தார். லமாரா மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணனுக்குப் போன் பண்றேன். முந்நூறு லிட்டர் அனுப்புவார்," என்றார்.

"எங்கப்பா திதிக்குக் கக்கேத்தி ஒயினா?" அவள் திரும்பவில்லை. "அவரு உயிரோட இருக்கையிலதான் நீ அவரு பேச்சக் கேக்கல. செத்த பிறகும் அவரு வாயில உன் ஊரு ஒயின ஊத்தணுமா?"

மறுபடி 'நீ' வந்ததில் அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

"பின்ன என்ன பண்ணச் சொல்ற?"

"இந்த மேட்டுல ஒரே மண்ணு, ஒரே மழை, ஒரே திராட்ச. பதினோரு வீடு இருக்கு. வீட்டுக்கு இருபத்தஞ்சு லிட்டர் கேட்டா போதும். கேன எடுத்துக்கிட்டுப் போ. நான் வரமாட்டேன். தண்ணின்னு சொன்னது உன் வாயி, அதே வாயால கேளு."

முதலில் தாழியைக் காலி பண்ண வேண்டியிருந்தது. மொண்டு மொண்டு பீப்பாயில் ஊற்றினார். காய்ச்சிச் சாராயமாக்கினால் உண்டு, இல்லையென்றால் ஓடையில்தான். அடியில் கிடந்த காம்புக் குவியலை வாளி வாளியாகத் தூக்கினார். ஆறு மாசம் ஊறியும் பச்சை போகவில்லை. பிறகு செர்ரி மரப்பட்டையைக் கட்டிய கம்பால் தாழியின் உள்சுவரைத் தேய்த்துக் கழுவினார். மண்டியிட்டுக் குனிந்து தேய்க்க வேண்டும். இரண்டு நாள் ஆயிற்று. எழுந்திருக்க ஒவ்வொரு தடவையும் பேரிக்காய் மரத்தைப் பிடித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் கேனைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். யாராவது திட்டியிருந்தால் தேவலை. யாரும் திட்டவில்லை.

"வாலிக்கோ திதிக்கா? எங்க தாழி குடுத்து வச்சிருக்கணும் மாப்ளே," என்றார்கள் ஒரு வீட்டில்.

"நீங்க வாயத் திறந்து கேட்டதே பெரிசு. மோசமான தண்ணிதான், மன்னிச்சுக்குங்க," என்றார்கள் இன்னொரு வீட்டில், முகம் கொஞ்சமும் மாறாமல்.

ஒவ்வொரு வீட்டிலும் உட்கார வைத்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குவளை ஊற்றி முன்னால் வைத்து, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் குடித்து, "நல்லா இருக்கு," என்று சொல்ல வேண்டியிருந்தது. ஒரு நாளைக்கு இரண்டு வீட்டுக்கு மேல் அவரால் முடியவில்லை. வாரத்தில் இரண்டு நாள் வண்டி வேறு. ஏழாவது வீட்டில் அவர் கேட்கவே இல்லை; கேனைக் கீழே வைத்துவிட்டு நின்றார். அந்த வீட்டுக்காரி தானே நிரப்பிக் கொடுத்தாள்.

கடைசி வீடு ஷூக்ரியுடையது. அவன் ஒருத்தன்தான் அந்த ஊரில் ஜும்பெர் மாதிரிப் பேசுகிறவன். அதற்குப் பயந்துதான் கடைசிக்கு வைத்திருந்தார்.

"ஆடு தின்ன மிச்சம் ஏதாவது இருக்கா மாப்ளே?" என்றான் ஷூக்ரி.

ஜும்பெர் கேனின் மூடியைத் திருகிக் கழற்றினார்.

"கழுதைக்குக்கூடப் பச்சக் காம்புன்னா என்னன்னு தெரியும்யா. கடிச்சுப் பாத்துட்டுத் துப்பிடும். நீ தாழியில போட்டு மூடியும் வச்சிருக்க. அந்த மனுஷன் இருபத்தாறு வருஷம் உன்னக் கூடை தூக்க வச்சாரு, நானும் ரொம்பத்தான் பண்றாருன்னு நெனச்சேன். போன நவம்பர்லதான் புரிஞ்சுது."

"நவம்பர்லயே தெரியும்ல. சொல்லித் தொலையறதுக்கு என்ன?"

"சொன்னா எடுத்திருப்பியா?"

ஜும்பெர் யோசித்தார். "மாட்டேன்."

"அப்ப குடி." ஒரு குவளையை நீட்டினான். ஜும்பெர் குடித்தார். ஷூக்ரி, "நல்லா இருக்கா?" என்று கேட்கவில்லை. கேட்காததால் ஜும்பெர் இன்னொரு குவளையும் குடித்தார். பதினோரு வீட்டில் அந்த ஒரு வீட்டில்தான் முட்டி வலி கொஞ்ச நேரம் மறந்திருந்தது. ஷூக்ரி இரண்டு கேனையும் நிரப்பி, ஒன்றைத் தானே தூக்கிக்கொண்டு வேலி வரைக்கும் கூட வந்தான்.

எல்லா வீட்டு ஒயினையும் கழுவின தாழியில் ஒன்றாக ஊற்றினார்கள். லமாரா குனிந்து நிறத்தைப் பார்த்தாள். ஜும்பெர் மூடியைப் போட்டார். மண்ணைத் தள்ள மண்வெட்டியை எடுத்து நீட்டினாள், அவ்வளவுதான்.

திதி அன்றைக்கும் மழை. முற்றத்தில் தார்ப்பாய் கட்டி, நீள மேஜை போட்டு, மீன், பீன்ஸ், காளான் போட்ட சோறு எல்லாம் வைத்திருந்தார்கள். திதிச் சாப்பாட்டில் குவளையோடு குவளை இடிக்க மாட்டார்கள். எழுந்து நின்று, ரொட்டியில் நாலு சொட்டு விட்டு, செத்தவர் பேரைச் சொல்லிக் குடிப்பார்கள். முர்மான் குத்தாயிசியிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தான். பதினோரு வீட்டுக்காரர்களும் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். தங்கள் வீட்டு ஒயினையும் அடுத்த வீட்டு ஒயினையும் கலந்து குடித்துக்கொண்டிருந்தார்கள். யார் முகத்திலும் ஒன்றும் இல்லை. ஜும்பெர் கூஜாவைத் தூக்கிக்கொண்டு தாழிக்கும் மேஜைக்கும் நடந்துகொண்டே இருந்தார்.

வாலிக்கோவோடு பட்டாளத்தில் இருந்த ஒரு கிழவர் ஜெஸ்தாபோனியிலிருந்து வந்திருந்தார். மூன்றாவது குவளையை வைத்துவிட்டு, "இது வாலிக்கோ கை. அதே புளிப்பு," என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பதினோரு வீட்டுக்காரர்களும் மீனில் முள் எடுக்கக் குனிந்துகொண்டார்கள்.

முர்மான் எழுந்து நின்றான். "இந்தக் குவளை எங்க அத்தானுக்கு. அப்பா போன பிறகு தாழி என்ன ஆகுமோன்னு எனக்கு ஒரு பயம் இருந்துச்சு. மறைக்கல. அவரு வேற சீமைக்காரரு, வேற பழக்கம். ஆனா எங்கப்பா செஞ்சத ஒரு இம்மி மாத்தாம செஞ்சிருக்காரு. அத்தான், இனிமே தோட்டமும் தாழியும் உங்க கையிலதான். இதப் பத்தி வேற பேச்சே இல்ல."

எல்லாரும் எழுந்தார்கள். ஜும்பெரும் நிற்க வேண்டியிருந்தது. கையில் குவளை. மனசில் வந்தது வாயில் வந்துவிடுகிற ஆள் அவர். வாய் திறந்துவிட்டது. "முர்மான், இந்த ஒயின்…" என்று ஆரம்பித்தார்.

பக்கத்தில் நின்ற ஷூக்ரி அவர் காலை மிதித்தான். கெட்டியாகவே மிதித்தான்.

மேஜையின் அந்தக் கோடியிலிருந்து லமாரா பார்த்தாள். "அங்க சோள அடை தீந்துபோச்சு பாரு. போய் எடுத்துட்டு வா," என்றாள்.

ஜும்பெர் குவளையிலிருந்ததை ஒரே மூச்சில் குடித்தார். மெலிசாக, புளிப்பாக, சில்லென்று இறங்கியது. அக்டோபரில் கூடையும் தூக்க வேண்டும், தாழியும் பார்க்க வேண்டும், வண்டியும் ஓட்ட வேண்டும். குவளையை வைத்துவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு, மழையில் அடுப்பங்கரைப் பக்கம் நடந்தார்.